பயணத்தக்கா தைத்த ஓட்டைப் பை

நான் ஒரு முட்டாள். இதை என் மனைவி சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. பிறவி முட்டாள்கள் உண்டு. நான் அந்த வகை இல்லை, உழைத்து முன்னுக்கு வந்தவன். இரண்டு ஓட்டைகளை அடைப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும், ஒரு சாக்கு ஊசியையும், கை கொள்ளாத அன்னாசி நாரையும், என் இடது கட்டைவிரலில் கால்வாசியையும் செலவழித்தேன். அவை அடைக்கக் கூடாத ஓட்டைகள். என்னைத் தவிர உலகத்தில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு சப்பான் சிப்பாய்க்குக்கூட.

அந்த ஓட்டைகளின் சொந்தக்காரி பயணத்தக்கா. மலாயாவில் எங்கள் கேமரன் மலையைச் சப்பான்காரன் ஆண்ட மூன்றரை வருஷமும், ஊரே சாக்கைக் கிழித்துச் சட்டை தைத்துக்கொண்டிருந்தபோது, சட்டையைக் கிழித்துப் பை தைத்த மனுஷி இந்தப் பூலோகத்திலேயே அவள் ஒருத்திதான்.

அந்தக் காலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் துணி என்பதே கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கங்காணி, முதுகில் அரிசி ஆலை முத்திரையோடு சாக்குச் சட்டை போட்டுக்கொண்டு நடப்பார். அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகியிருந்ததால் நாங்கள் அவர் முதுகையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்போம். பயணம் என்பதும் கிடையாது. பக்கத்து ஊரான தானா ராத்தாவுக்குப் போவதற்கே சீட்டு வாங்க வேண்டும். இப்படி, உடுத்தத் துணியும் இல்லாமல் போக ஊரும் இல்லாமல் மக்கள் மலையில் அடைந்து கிடந்தபோது, இவள் பழைய துணியில் பிரயாணச் சாமான்கள் தைத்தாள். தோள்பை, இடுப்புப்பை, படுக்கை சுருட்டும் உறை, செருப்பு போட்டு வைக்கும் பை.

குள்ளமான உருவம். வாயில் வெற்றிலை. கொழுந்து பறிக்கும் வேலை. தோட்டத்தில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல தையல் ஊசி அவள் கொண்டையில் குத்தியிருக்கும். அவள் தலையைச் சொறிந்தால் லயத்து வீடுகளெல்லாம் பதறும். சொந்தப் பெயர் என்னவென்று செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன், மறந்துவிட்டது. எதிரே யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “எப்ப பயணம்?” அதுவே பெயராகிவிட்டது.

“எங்கக்கா பயணம்? கக்கூசுக்குத்தான்,” என்பார்கள்.

“அதுக்கும் தண்ணிப் போத்தலு கொண்டுபோகணும்ல? ஒறை தச்சுத் தரேன், துணியக் கொண்டா,” என்பாள்.

அவளுக்கு முடிச்சுப் போட்ட மூட்டையைக் கண்டால் ஆகாது. சின்ன வயதில் கப்பலில் வந்து பினாங்கில் இறங்கும்போது மூட்டையின் முடிச்சு அவிழ்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்ததெல்லாம் கடலில் விழுந்ததாம். “எங்கண்ணன் வேட்டி எனக்கு முன்னால நீந்திக் கரை ஏறுதுய்யா!” என்று அவள் சொல்லும்போது நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்கமாட்டாள். அன்றைக்கே தையல்காரியாகிவிட்டாள்.

வெள்ளைக்காரத் துரை ஒரே ஒரு பெட்டியோடு காரில் ஏறி ஓடிப்போனபோது, பங்களாவில் ஒரு அலமாரித் துணியை விட்டுவிட்டுப் போனார். சப்பான்காரன் தோல் சப்பாத்துகளை எடுத்துக்கொண்டான். பூச்சி அரித்த விருந்துக் கோட்டு அக்காவிடம் வந்து சேர்ந்தது. மறுநாள் அதன் இரண்டு கைகளும் இரண்டு போத்தல் உறைகளாகி, இரண்டு தொழிலாளிகளின் இடுப்பில் தொங்கின. “கை நொழையற எடத்துல போத்தலு நொழையாதா?” என்பது அவளுடைய தையல் சாத்திரம்.

மாரியம்மனையும் அவள் விட்டுவைக்கவில்லை. அம்மனுக்குச் சாத்திக் களைந்த பழைய பட்டுச் சேலையைக் கேட்டு வாங்கி, நாடா வைத்த அழகான பை ஒன்று தைத்துச் சன்னதியில் மாட்டிவிட்டாள். பூசாரி ஆடிப்போனார்.

“அம்மனுக்கு எதுக்கும்மா பையி?”

“குண்டு போட்டான்னா நீங்க ஓடுவீங்க. அவ மட்டும் என்னா, வெறுங்கையோடயா ஓடுவா?”

பை கேட்பவர்களுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது, துணி உங்கள் வீட்டுத் துணியாக இருக்க வேண்டும். துரை கோட்டு மட்டும் விதிவிலக்கு. அதற்கு உடையவன் இல்லை. இரண்டாவது, தைத்து முடித்ததும் பையில் கல்லைப் போட்டுக்கொண்டு லயத்திலிருந்து தேயிலை ஆலை வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அக்கா பின்னாலேயே வந்து கழுத்தைப் பார்ப்பாள். கழுத்து சாய்ந்தால் பையைப் பிடுங்கிப் பிரித்து மறுபடி தைப்பாள். கொழுந்துக் கூடையை நெற்றிப் பட்டையில் தொங்கவிட்டுப் பழகியவள் என்பதால், அவள் பைகளுக்கும் நெற்றிப் பட்டைதான். “தோளுக்கு மாட்டுனா ஒரு கை போச்சு. நெத்திக்கு மாட்டுனா ரெண்டு கையும் சும்மா இருக்கும்.” எங்கேயும் போகாத ஆண்பிள்ளைகள் நெற்றியில் பட்டையும் முதுகில் கல்லுமாக வரிசையாக நடந்த காட்சியை நான் ஆபீஸ் சன்னலிலிருந்து பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

சப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷத்தில் சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பிடித்துப் போனார்கள். அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. போனவர்களுக்கெல்லாம் அக்கா பை தைத்துக் கொடுத்தாள். ஒருவரையும் கல் சுமந்து நடக்கச் சொல்லவில்லை. “எப்ப பயணம்?” என்று கேட்பதை அந்த வாரத்தோடு நிறுத்தியவள், அப்புறம் கேட்கவே இல்லை. நான் சொல்வது அதற்கு முந்திய கதை.

அப்போது நான் அந்தத் தோட்டத்தில் சின்னக் கிராணி. காக்கிக் கால்சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்து கணக்கெழுதுவது, சாயங்காலம் கொழுந்து நிறுப்பது, மற்ற நேரத்தில் ஊரைக் கேலி செய்வது. மூன்றாவது வேலைக்குத்தான் நான் பொருத்தமானவன் என்று பெரிய கிராணியே சொல்லியிருக்கிறார்.

சப்பான்காரன் வருவதற்கு ஒன்றரை மாதம் முன்னால், என் மனைவி கமலத்தைத் தலைப்பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினேன். கீழே பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். லோரியில் ஏறும்போது, “பொறந்ததும் கடுதாசி போடச் சொல்றேன். ஒடனே வந்து பாத்துருங்க,” என்றாள்.

“ஒடனே என்னா ஒடனே? ரெண்டு நாள் தாமசமானா ஒலகம் இடிஞ்சா விழுந்துரும்?” என்றேன்.

விழுந்தது.

பாலங்கள் உடைந்தன. தபால் நின்றது. பதினோரு மாதம். பிள்ளை பிறந்ததா, பிழைத்ததா, ஆணா பெண்ணா, பெற்றவள் இருக்கிறாளா, ஒரு துண்டுச் சீட்டுக்கூட வரவில்லை. கீழேயிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்தது ஒரே செய்திதான்: குளிர் காய்ச்சல், மருந்து கிடையாது, சின்னப் பிள்ளைகள்தான் அதிகமாகப் போகின்றன. எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. “எம் புள்ளைக்கு இந்நேரம் பல்லு மொளைச்சிருக்கும், கங்காணி! கடிக்குமே, நீங்க பாத்து இருக்கணும்!” என்று கூவிக்கொண்டு திரிந்தேன். என் நகைச்சுவைக்கு அந்த ஒன்றுக்கு மட்டும் யாரும் சிரித்ததில்லை.

கடைசியில், தோட்டத்தில் நட மரவள்ளிக் குச்சி கொண்டுவருகிறேன் என்று சொல்லி, சப்பான்கார மேனேஜர் முன்னால் இருபது தடவை குனிந்து, எட்டு நாளைக்குச் சீட்டு வாங்கினேன். சீட்டின் மை காய்வதற்குள் அக்கா வாசலில் நின்றாள்.

“எப்ப பயணம், கிராணியாரே?”

“திங்கக்கெழமக்கா.”

“துணி?”

கிழிந்துபோன காக்கிக் கால்சட்டை ஒன்றைக் கொடுத்தேன். ஆறு வருஷம் நாற்காலியில் தேய்ந்து, உட்காரும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. அவள் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“நல்லா வேல செஞ்சிருக்கீங்க,” என்றாள். பிறகு, “கமலம் கட்டிப் பழசான சேல ஒண்ணு வேணும். நூல் சேல. மெதுவா இருக்கணும்.”

இருந்தது ஒன்றே ஒன்று. அதைத் தலையணை உறைக்குள் திணித்துப் பதினோரு மாதமாகப் படுத்துக்கொண்டிருந்தேன். அதை வெளியே சொல்ல முடியுமா? “கெடையாதுக்கா,” என்றேன்.

“தலகாணிய அவுத்துக் குடுங்க,” என்றாள்.

பயணத்தக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஒன்று இருந்தது என்பார்கள். அதைப் பற்றி அவளும் பேசியதில்லை. எல்லாவற்றையும் பேசும் எங்கள் லயமும் பேசியதில்லை.

சனிக்கிழமை காலையில் பை வந்தது. என் கால்சட்டைதான். கால்களைத் தொடைப் பக்கம் ஒரு சாண் மட்டும் விட்டு வெட்டியிருந்தாள். இடுப்புப் பக்கம் பையின் வாய். முன்பக்கப் பொத்தான்களை அப்படியே விட்டு, உள்ளே ஒரு சின்னப் பை. உள்பக்கம் முழுக்கக் கமலத்தின் சேலையை மடித்து மெத்தையாகத் தைத்திருந்தாள். உட்காரும் இடத்தில் இரட்டை ஒட்டு. எல்லாம் சரி. ஆனால் கால் ஓட்டைகள் இரண்டையும் அடைக்காமல் அப்படியே திறந்து விட்டிருந்தாள்! அடைக்காததோடு, ஓரத்தை மடித்து, சேலைத் துணியால் கரை கட்டி, அழகு வேறு பார்த்திருந்தாள்.

சோதனை ஓட்டத்திலும் எனக்குத் தனி நியாயம். கல்லுக்குப் பதில் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து பைக்குள் மெதுவாக உட்காரவைத்தாள்.

“எல்லாருக்கும் கல்லு. எனக்கு மட்டும் ஏங்க்கா பூசணிக்கா?”

“ஒங்களுக்கு இதான். நடங்க. ஓடாதீங்க. திடுதிப்புனு குனியாதீங்க.”

நெற்றியில் பட்டையோடு நான் ஆலைக்குப் போய்த் திரும்பினேன். மலைச்சரிவு பூராவும் கொழுந்து பறிக்கும் பெண்கள். தினம் நான் நிறுக்கும்போது அரை ராத்தல் குறைத்துப் போடுகிறேன் என்று என்மேல் அவர்களுக்குப் பழைய கோபம் உண்டு.

“கிராணியாரே! கொழுந்து எத்தன ராத்தலு?” என்று ஒருத்தி கத்தினாள். மலையே சிரித்தது.

என்னைப் பார்த்து ஊர் சிரிக்கலாமா? அது என் தொழில் அல்லவா? உடனே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் கூட்டி, பையைத் தூக்கிப் பிடித்து, இரண்டு ஓட்டையிலும் கையை விட்டு ஆட்டிக் காட்டினேன். “பாத்துக்குங்க! பயணத்தக்கா பையி! மேல போட்டா கீழ வந்துரும். நான் இங்க நிக்கும்போதே எஞ் சாமான் மலைக்குக் கீழ தாப்பா போயிச் சேந்துரும்லா!” ஆள் ஆளுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா வெற்றிலையை மென்றபடி நின்றாள். சிரிப்பு அடங்கியதும், “ஓட்டையத் தைக்காதீங்க, கிராணியாரே,” என்று மட்டும் சொன்னாள்.

“ஏன்?”

“தைக்காதீங்கன்னா தைக்காதீங்க.”

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, சாக்கு ஊசி, அன்னாசி நார், கட்டைவிரல்.

திங்கட்கிழமை, திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் பாயின் லோரியில் போனேன். பாய்க்குத் தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை. பெட்ரோல் இல்லாததால் லோரியும் அடுப்பைப் போலக் கரியில்தான் ஓடியது. பையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஒரு பொட்டலம் தேயிலையும். பட்டையை நெற்றியில் மாட்டாமல் தோளில் மாட்டியிருந்தேன். கிராணி அல்லவா!

தாப்பாவில் சப்பான் காவல். எல்லோரும் இறங்கிக் குனிந்தோம். ஒரு சின்ன வயதுச் சிப்பாய் என் பையை வாங்கி, பொத்தானைக் கழற்றிப் பார்த்து, தலைகீழாகத் திருப்பினான். நான் தைத்த தையல் கண்ணில் பட்டது. அதை விரலால் நெருடினான். என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ கேட்டான். எனக்கென்ன புரியும்? குனிந்தேன். தலையாட்டி மறுத்துவிட்டு, இரண்டு விரல்களைக் கீழே தொங்கவிட்டு ஆட்டினான். தன் முதுகைத் தட்டினான். இடுப்பை இப்படியும் அப்படியும் மெதுவாக அசைத்தான். சரி, ஆடச் சொல்கிறான் என்று நானும் ஆடினேன்.

“என்னாங்க கிராணி, ஆடுறீங்க?” என்று பாய் பல்லைக் கடித்தார்.

“அவருதான் பாய் ஆடச் சொல்றாரு!”

சிப்பாய் என்னை ஒரு பார்வை பார்த்தான். என் வாத்தியார்கள் எல்லோரும் என்னை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். பிறகு என்ன நினைத்தானோ, கிழங்குகளை அவனே பொறுக்கிப் போட்டு, பையை இரண்டு கையாலும் நீட்டினான். கிழங்கில் பாதியை எடுத்துக்கொண்டான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பீடோருக்கு நடந்தேன். ரப்பர் தோட்டத்து லயத்துக்குப் போய்ச் சேரும்போது நல்ல வெயில். கடைசி வீட்டு வாசலில் ஒருத்தி உட்கார்ந்து மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். நிமிர்ந்தாள்.

“கடுதாசி போடலாம்னா தபால் இல்லீங்க,” என்றாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு கமலம் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

நான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு பல்லோடு ஒரு ஜீவன் தவழ்ந்து வந்து, என்னைப் பார்த்து, வீறிட்டு அழுதது. பெண்.

மாமியார் சுற்றி வளைக்கவில்லை. “பக்கத்து வீட்டுல போன வாரந்தான் ஒண்ணு போச்சு, மாப்ள. கமலமும் காச்சல்ல கெடந்து எந்திரிச்சு நாலு நாளுதான் ஆவுது. ரெண்டு பேரையும் மேல கொண்டுபோயிருங்க. நாளைக்கே.”

கமலத்துக்குத் தன் உடம்பைத் தூக்கி நடக்கவே தெம்பில்லை. பிள்ளையை நான்தான் தூக்க வேண்டும். நான் தூக்கினால் அது நீலம் பாய்ந்துபோகும்படி அழுகிறது. காட்டுப் பாதை, காவல், மலை. இந்த அழுகையை எப்படி மேலே கொண்டுபோவது? கவலையில் என் வாய் ஓட ஆரம்பித்தது. பயணத்தக்கா என்று ஒருத்தி, பை என்று ஒன்று, அதில் இரண்டு ஓட்டை விட்டுக் கொடுத்த கூத்து, அதை என் கையாலேயே தைத்த சாமர்த்தியம் என்று பெருமை அடித்தேன்.

கமலம் பையை வாங்கித் திருப்பினாள். ஒட்டைத் தடவினாள். உள்ளே கைவிட்டுத் தன் சேலையைத் தொட்டாள்.

“ஏங்க, இது ஒங்க கால்சட்டதான?”

“ஆமா.”

“கால்சட்டையில காலு எந்த வழியா வெளிய வரும்?”

நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என் அன்னாசி நாரைப் பல்லால் கடித்து இழுத்தாள். நான் ஒரு நாள் முழுக்கத் தைத்தது வெற்றிலை போடும் நேரத்தில் பிரிந்துவிட்டது. பிள்ளையை எடுத்து உள்ளே இறக்கினாள். இரண்டு ஓட்டையிலும் இரண்டு கால்கள் வந்தன, அளவெடுத்ததைப் போல. நான் ஆறு வருஷம் தேய்த்த இடத்தில் என் மகள் உட்கார்ந்தாள். சேலையை முகர்ந்தாள். அழுகை நின்றது. பூசணிக்காய், இரட்டை ஒட்டு, முதுகைத் தட்டிய சிப்பாய் எல்லாம் ஒவ்வொன்றாக என் மண்டைக்குள் வந்து இறங்கின.

சப்பான் மேனேஜருக்காக ஒரு கட்டு மரவள்ளிக் குச்சியையும் எடுத்துக்கொண்டு மறுநாளே கிளம்பினோம். தாப்பாவில் பாயின் லோரி கிடைத்தது. ஏற்றத்தில் பாதி வழியில் அது இருமி நின்றுவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். நெற்றியில் பட்டை, முதுகில் பிள்ளை, இரண்டு கையும் லோரியில். அக்கா சொன்னதுபோல இரண்டு கையும் சும்மா இருந்ததால் வந்த வினை அது. மகள் தன் இரண்டு காலாலும் என் இடுப்பை உதைத்து வேகப்படுத்தினாள்.

தோட்டத்துக்குள் நுழைந்தது கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் எல்லோரும் கூடையோடு வரிசையில் நின்றார்கள். என் முதுகில் ஆடுகிற இரண்டு கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அதே குரல் கேட்டது.

“கிராணியாரே... கொழுந்து எத்தன ராத்தலு?”

“பதினாலு!” என்று கத்தினேன். “அரை ராத்தலு கொறைக்காம!”

பயணத்தக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கழுத்து சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். தையலை இழுத்துப் பார்த்தாள். வெளியே தொங்கிய ஒரு சின்னப் பாதத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். “தையல் விடல,” என்று சொல்லிவிட்டுத் தன் கொழுந்தை நிறுக்கப் போய்விட்டாள்.

இரண்டு நாள் வெட்கப்பட்டுவிட்டு, மூன்றாம் நாள் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன். யாருக்கோ ஒரு செருப்புப் பை தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க்கா, ‘இது புள்ளைக்கு’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? பெரட்டுக் களமே ஒங்களப் பாத்துச் சிரிச்சுதே. நாந்தான சிரிக்க வெச்சேன். நீங்க பாட்டுக்கு வெத்தலையப் போட்டுக்கிட்டு நின்னீங்களே?”

அவள் நூலைக் கடித்தாள். ஊசியைக் கொண்டையில் குத்தினாள்.

“வெறும் பையோட வந்திருந்தீங்கன்னா?”